பழைய அட்டையைக் காட்டுங்க

அந்த அம்மணியிடம் நான் சொன்ன முதல் பொய் என் ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றியது. கடைசியாகச் சொல்ல வாயெடுத்த பொய்யும் அதைப் பற்றியதுதான். நடுவில் சொன்னவை எதுவும் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை.

போத்தனூரில் எங்கள் தெரு மெயின் ரோட்டில் போய் முட்டுகிற இடத்தில் ஒரு மெடிக்கல் இருந்தது. இப்போது அங்கே செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். முதலாளி மாதத்துக்கு ஒரு தடவை வந்து மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வியர்வை ஆற்றிக்கொண்டு போவார். மற்ற நாளெல்லாம் கடை அம்மணியுடையது. சுவரில் மாட்டியிருந்த பார்மசிச் சான்றிதழும் அவருடையதுதான். வயது நாற்பதுக்குள். என்னைவிடப் பன்னிரண்டு வயதாவது இளையவர் என்பதால் எனக்கு அவர் 'அம்மணி', அவருக்கு நான் 'ஏனுங்ணா'. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "எம் பேரு எதுக்குங்க, மாத்திரை பேரு எழுதினா நாலு பேருக்கு ஆகும்" என்பார்.

மாத்திரை வாங்கப் போகிறவர்களிடம் முதலில் டாக்டர் சீட்டைக் கேட்பார். படித்து முடித்ததும் இன்னொரு முறை கையை நீட்டுவார்.

"பழைய அட்டையக் காட்டுங்க."

பெயர் சரிபார்க்கத்தான் கேட்கிறார் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். பெயரை அவர் பார்ப்பதே இல்லை. அட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, எத்தனை குழி காலி, எத்தனை குழி நிறைவு என்று பார்ப்பார். போன முறை வாங்கிய தேதி அவர் நோட்டில் இருக்கும். ஒருவர் கையைப் பார்த்து ஜோசியம் சொல்கிற மாதிரி, அட்டையைப் பார்த்து அந்த வீட்டின் ஒழுங்கைச் சொல்லிவிடுவார். தெருவில் அவருக்கு 'அட்டைக்காரம்மா' என்று பேர். இது அவருக்கும் தெரியும்.

அவரை ஏமாற்ற நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். அந்த மாதம் ஏழு நாள் மாத்திரை போடவில்லை. மறதி பாதி, 'நமக்கெல்லாம் என்ன பிரஷர்' என்கிற மிதப்பு பாதி. கடைக்குப் போகிற வழியில், சாக்கடை ஓரமாக நின்று, மீதி ஏழையும் ஒவ்வொன்றாக அழுத்தி உள்ளே தள்ளினேன். முழுக் காலி அட்டையோடு, நல்ல பிள்ளை முகத்தோடு போய் நின்றேன். எனக்குப் பின்னால் நாலைந்து பேர்.

அட்டையை ஒரு தடவை சாய்த்துப் பார்த்தார். "ஏனுங்ணா, இந்த ஏழு குழியும் ஒட்டுக்கா ஒடைச்சிருக்கீங்களே."

"அதெப்படிங்க அம்மணி சொல்றீங்க?"

"பழைய ஓட்டை ஓரமெல்லாம் டிராயர்ல கெடந்து மழுங்கிப் போயிருமுங்க. இது இப்பத்தான் பிச்சாப்பல மினுக்குது. எங்க போட்டீங்க?"

என் பின்னால் நின்ற நாலைந்து பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"சாக்கடையிலங்க."

"சரிங்க. சாக்கடைக்கு இந்த வாரம் பிரஷர் நார்மலா இருக்கும். நீங்க நாளைக்கு டாக்டரைப் போயிப் பாருங்க."

நான் பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதிப் பிழைக்கிறவன். அன்றைக்கு அந்தக் கடையில் கிடைத்த மாதிரி ஒரு சிரிப்பை நான் எழுதி வாங்கியதில்லை. அவர் சிரிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு என் தொழில் தெரியும். ஒரு முறை சொன்னார்: "நீங்க எழுதறவருங்களாமே. உங்க ஊட்டு மாத்திரைப் பேரு எல்லாத்தையும் ஒரு தாள்ல தெளிவா எழுதி வெச்சுப்போடுங்க. எதுக்கு, எந்நேரத்துக்கு, எந்த டாக்டர் குடுத்ததுன்னு." என் எழுத்துப் பணிக்கு இதுவரை வந்த ஒரே உருப்படியான யோசனை அது. அதையும் நான் செய்யவில்லை. செய்யாததன் விலை என்ன என்று தெரிய ஐந்து மாதம் ஆனது.

எனக்கு ஓர் அண்ணன். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மனது ஏழு வயதோடு நின்றுவிட்டது. சின்ன வயதிலிருந்தே வலிப்பும் உண்டு. அம்மா இருந்தவரை காலையும் மாலையும் மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நிற்பார். அம்மா போன பிறகு, வீட்டில் சும்மா இருப்பவன் என்ற தகுதியில் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. என் மனைவி பள்ளி ஆசிரியை, எட்டுக்கெல்லாம் கிளம்பிவிடுவார்.

நான் அந்தப் பொறுப்பை எப்படிச் செய்தேன் என்றால், கேட்டேன். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், எழுதுகிற மேசையிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டேன்.

"அண்ணா, மாத்திரை போட்டாச்சா?"

"ஆச்சு தம்பி."

எங்கள் பக்கத்தில் ஒருவர் முகத்துக்கு நேராக 'இல்லை' என்று சொல்வது, அவர் வாசலில் செருப்பைக் கழற்றி வீசுவதற்குச் சமம். விசேஷத்துக்குக் கூப்பிட்டால் 'வாரேனுங்க' என்போம், போகமாட்டோம். பந்தியில் 'போதுமுங்களா' என்றால் 'ஆச்சுங்க' என்போம். பாதி வயிறு காலியாக இருக்கும். அண்ணன் இந்த மரியாதையின் சிகரம். அவரை எந்தக் கேள்வி கேட்டாலும், கேட்டவர் மனம் கோணாத பதிலைத்தான் சொல்வார். குளிச்சாச்சா? ஆச்சு. தூங்கியாச்சா? ஆச்சு. ஒரு முறை யாரோ விளையாட்டாக, "கல்யாணம் ஆச்சுங்களா?" என்று கேட்டதற்கும் ஆச்சு என்றுதான் சொன்னார். கேட்டவர் மொய் வைக்காததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார்.

இத்தனையும் தெரிந்தவன்தான் நான். ஆனாலும் மாத்திரை விஷயத்தில் அந்த 'ஆச்சு'வை நம்பினேன். நம்புவது சுலபம், எழுந்து போய்ப் பார்ப்பது கஷ்டம்.

அண்ணனுக்குத் தெருவில் ஒரு உத்தியோகம் உண்டு. நல்ல தண்ணி எப்போது வரும் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும். குழாயில் காதை வைத்துக் கேட்பார். தண்ணீர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் உள்ளே காற்று சீறுமாம். கேட்டதும் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, "தண்ணி வருதுங்கோ, தண்ணி வருதுங்கோ" என்று சொல்லிக்கொண்டு நடப்பார். ஒரு நாளும் தவறிச் சொன்னதில்லை.

ஒரு நாள் குழாயில் காதை வைத்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. சத்தம் கேட்டு நான் ஓடி வருவதற்குள் தெரு கூடிவிட்டது. எல்லார் கையிலும் சாவி. வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஊரின் முதலுதவி. பீரோ சாவி, கேட் சாவி, ஒருவர் ஸ்கூட்டர் சாவி. அதில் முக்கால்வாசி பிளாஸ்டிக். நானும் வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டுதான் ஓடி வந்திருந்தேன். பி.ஏ. வரை படித்தவன், அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறவன்.

கடையிலிருந்து வெறுங்கையோடு வந்தவர் அம்மணி ஒருத்தர்தான்.

"அல்லாரும் தள்ளி நில்லுங்க. சாவிய எடுங்க. வாயில ஒண்ணும் வெக்காதீங்க. கையக் காலப் புடிச்சு அமுத்தாதீங்க." துண்டை மடித்துத் தலைக்கடியில் வைத்தார். குழாயடிக் கல்லை அப்பால் நகர்த்தினார். பிறகு என்னைப் பார்த்து, "மணியப் பாருங்ணா" என்றார். நான் பார்த்தேன். அன்று என்னிடம் உருப்படியாக இருந்த ஒரே கருவி கடிகாரம். "அஞ்சு நிமிசம் தாண்டினா ஆம்புலன்ஸ். அதுக்குள்ள நிக்குதான்னு பாப்போம்."

மூன்றாவது நிமிடம் நின்றது. அண்ணனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சு சீராகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவரைத் தூக்கி உள்ளே கொண்டு போனதும், நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். கை நீண்டது.

"வலிப்பு மாத்திரை அட்டையக் காட்டுங்க."

ஆஸ்பத்திரியிலேயே வாங்குவது என்பதால் அதுவரை அவர் கண்ணில் படாத அட்டை. காட்டினேன். எண்ணிப் பார்த்தார். அந்த மாதத்தில் தீர்ந்திருக்க வேண்டியதில் பதினாறு மாத்திரை அப்படியே இருந்தன.

"தெனமும் கேட்டேனுங்க அம்மணி. ஆச்சுன்னுதான் சொன்னாரு."

"நானுந்தான் தெனமும் எம்பையன்கிட்ட படிச்சாச்சான்னு கேக்கறேன்."

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதை அவர் பார்க்காத மாதிரி அட்டையை மேசையில் வைத்தார். "அவரு மேல தப்பில்லீங்ணா. அவரு மருவாதிக்காரரு. நீங்க கேட்டதுக்கு, உங்களுக்குப் புடிச்ச பதிலைச் சொன்னாரு. இனிக் கேக்காதீங்க. கையில குடுங்க, தண்ணி குடுங்க, முழுங்கறதைப் பாருங்க, பாத்ததுக்கப்பறம் எழுதி வைங்க. விட்டுப்போனதை எல்லாம் இன்னைக்கே சேத்துக் குடுத்தறாதீங்க. டாக்டருக்குப் போன் போட்டு எத்தனை நாள் விட்டுச்சுன்னு நெசத்தச் சொல்லுங்க. அவர்கிட்டயும் போயி ஆச்சுங்கன்னு நிக்காதீங்க."

டாக்டரிடம் அப்படித்தான் நிற்பதாக இருந்தேன்.

மறுநாளே திருந்திவிட்டேன். திருந்துவதில் எனக்கு எப்போதுமே ஒரு படைப்பூக்கம் உண்டு. சமையலறையில் ஏழு குழிப் பணியாரக் கல் ஒன்று சும்மா கிடந்தது. வாரத்துக்கு ஏழு நாள். கல்லுக்கு ஏழு குழி. ஒவ்வொரு குழியிலும் அந்தந்த நாளைக்கான மாத்திரைகளைப் பிரித்துப் போட்டு, நடுக்குழியை ஞாயிறு என்று வைத்துக்கொண்டு, பெருமையாக அதைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன்.

வெகு நேரம் பார்த்தார். "மூடி இல்லீங்களே. பல்லி உளுந்தா பல்லிக்கும் சேத்து மாத்திரை போட்டாப்பல ஆகிப்போயிரும்."

"தட்டுப் போட்டு மூடிக்கறனுங்க."

"அட்டையிலிருந்து எடுத்து எண்ணெய்ப் பசையில போட்டு வெச்சா மாத்திரை கெட்டுப்போயிருமுங்ணா. குடுக்கற நேரத்துக்கு அட்டையோட எடுத்துப் பிரிங்க." கல்லைத் திருப்பிக் கொடுத்தார். "இதுல பணியாரம் சுட்டு அண்ணனுக்குக் குடுங்க. அதுக்குக் கணக்கு வேண்டியதில்ல."

அன்றிரவே குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தாள் ஒட்டினேன். மாத்திரையின் பெயர், எதற்கு, எந்நேரம், எந்த டாக்டர். என் எழுத்துகளில் இன்றுவரை தினமும் இரண்டு முறை படிக்கப்படுவது அது ஒன்றுதான்.

எழுதுகிறவனுக்கு எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கதை வேண்டும். அவருக்கு நெருங்கிய யாரோ மாத்திரை போடாமல் போய்ச் சேர்ந்திருப்பார்கள், அதனால்தான் இப்படி என்று நானாக ஒன்றை ஜோடித்து வைத்திருந்தேன். ஒரு மழை நாளில், கடையில் கூட்டம் இல்லாதபோது, குரலைத் தாழ்த்திக் கேட்டும் விட்டேன்.

"அம்மணி, நீங்க இப்படி அட்டை பாக்கறதுக்கு ஏதாச்சும் காரணம் இருக்குங்களா? ஊட்ல யாருக்காச்சும்..."

"இல்லீங்களே. எங்கூட்ல அல்லாரும் நல்லாருக்காங்க." யோசித்துவிட்டுச் சொன்னார்: "குழி காலியா இருக்குதா இல்லையான்னு பாக்கறதுக்குக் கூடக் காரணம் வேணுங்களா?"

என் கதை அங்கேயே நனைந்து போனது.

இரண்டு வருடம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு நாள் குளியலறையில் அண்ணன் வழுக்கினார், நான் தாங்கினேன். அவர் எண்பது கிலோ; நான் ஐம்பத்தெட்டு. அவருக்கு ஒன்றுமில்லை. என் முதுகுத்தண்டில் ஒரு தட்டு விலகியது. மூன்று வாரம் நான் கூரையைப் பார்த்துப் படுத்திருக்க, மனைவி பள்ளியையும் எங்கள் இருவரையும் ஒருசேரத் தூக்கினார். இனி பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, நான் மனதில் வைத்திருந்ததை மனைவி வாய்விட்டுச் சொன்னார்: "நமக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா அவரை யாருங்க பாப்பாங்க? நாம நல்லா இருக்கறப்பவே ஒரு நல்ல எடமாப் பாத்துச் சேத்துப்போடலாம்."

செய்தி உறவுக்குள் போனது. பெரியப்பா மகன் ஆனைமலையிலிருந்து போன் செய்தார். "கூடப் பொறந்தவனைக் கொண்டு போயி ஹோம்ல விடறயாமா?" அவர் அண்ணனைக் கடைசியாகப் பார்த்தது எங்கள் அம்மா காரியத்தில். நான் வழக்கம்போல, "அப்படி இல்லீங்கண்ணா" என்று இழுத்தேன்.

கடையில் போய்ப் புலம்பினேன். அம்மணி யாருக்கோ இருமல் மருந்தின் அளவு மூடியைக் கழுவிக் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "சேத்துட்டு வந்து திரும்பத் திரும்பப் போயிப் பாத்தீங்கன்னா அது சேத்தது. பாக்காம இருந்தீங்கன்னா அது விட்டது. அதை உங்க பெரியப்பா மகன் எப்படிங்க இப்பவே சொல்ல முடியும்?"

இல்லம் தேடும் படலத்தில் என் திறமை முழுதும் வெளிப்பட்டது. நாலு இடத்துக்குப் போனேன். நாலுக்கும் முதல் நாளே போன் செய்து, "நாளைக்குப் பதினொரு மணிக்கு வரலாமுங்களா?" என்று கேட்டுக்கொண்டு போனேன். சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போவது மரியாதையா? அதுவும் சாப்பாட்டு நேரத்தில் போனால், நமக்கும் இலை போட வேண்டிய சங்கடத்தை அவர்களுக்குக் கொடுப்பதாகாதா? நாலு இடத்திலும் காபி வந்தது. தொண்டாமுத்தூர் ரோட்டில் இருந்த ஒன்றில் கேசரியும் வந்தது. பின்னால் மலை, முன்னால் தென்னை, நடுவில் ரோஜாத் தோட்டம், சாய்வு நாற்காலி. நிர்வாகி அப்படி ஒரு பணிவானவர். "உங்கண்ணன் எங்கண்ணன் மாதிரிங்க" என்றார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அம்மணியிடம் போய் விவரித்தேன். "நெய் ஒழுகுதுங்க அந்தக் கேசரி."

"எந்நேரத்துக்குப் போனீங்க?"

"பதினோரு மணிக்கு. சொல்லிட்டுத்தான் போனேன்."

"சொல்லிட்டு வந்தா எங்கூடு கூடச் சுத்தமாத்தான் இருக்கும்." நோட்டை மூடினார். "வார ஞாயித்துக்கெழமை எனக்கு லீவு. அண்ணனையும் கூட்டியாங்க. மத்தியான மாத்திரை நேரத்துக்குப் போலாம். சொல்ல வேண்டாம்."

"ஞாயிறு ஆள் கம்மியா இருப்பாங்களே அம்மணி."

"அதுக்குத்தானுங்க ஞாயிறு."

பன்னிரண்டரைக்குப் போய் இறங்கினோம். கேட்டுக்காரர் தயங்கினார். அம்மணி, "பெரியவரைக் கூட்டியாந்திருக்கறமுங்க, வெய்யில்ல நிக்க முடியாதுங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். கூடத்தில் வரிசையாக சாய்வு நாற்காலிகள். அதில் பதின்மூன்று பேர். பதின்மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான், "எவ்வளவு அமைதி பாத்தீங்களா" என்றேன். அம்மணி அவர்கள் காலடியையே பார்த்துக்கொண்டு வரிசை முழுக்க நடந்தார். பிறகுதான் எனக்கும் தெரிந்தது: கால் நகங்கள் வளர்ந்து வளைந்திருந்தன.

"இத்தனை பேருக்கும் ஒட்டுக்கா எப்படிங்க தூக்கம் வரும், சோறு திங்கற நேரத்துல?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

அங்கிருந்த ஒரே ஊழியர் ஓடி வந்தார். சின்ன வயதுப் பெண், மேலெல்லாம் வியர்வை. அம்மணி அவரிடம் மிக மரியாதையாகக் கேட்டார்: "ஏனுங்க கண்ணு, மாத்திரை குடுத்துக் கையெழுத்துப் போடற நோட்டு இருக்குமுங்களே, பாக்கலாமுங்களா?"

நோட்டு வந்தது. அழகான கோடுகள், ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் காலை, மதியம், இரவு. மூன்று கட்டத்திலும் கையெழுத்து. அன்றைய தேதி.

அம்மணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பது.

"ராத்திரி மாத்திரை குடுத்தாச்சுங்களா கண்ணு?"

அந்தப் பெண் எங்கள் ஊர்ப் பெண். பழக்கம் வாயில் வந்துவிட்டது. "ஆச்சுங்க."

நான் தரையைப் பார்த்தேன். அது என் குரலும் அண்ணன் குரலும் கலந்த குரல். அம்மணி அந்தப் பெண்ணைத் திட்டவில்லை. நோட்டை மூடி அவர் கையிலேயே கொடுத்து, "ஒத்தை ஆளு இத்தனை பேரை எப்படிங்க பாப்பீங்க? உங்க மேனேஜரைச் சொல்லோணும்" என்றார். அண்ணன் இவ்வளவு நேரமும் நாற்காலியில் உட்காரவே இல்லை. என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிர்வாகியிடம் போனில், "பாத்துட்டுச் சொல்றேனுங்க" என்றேன். எங்கள் மொழியில் அதைவிடப் பெரிய நிராகரிப்பு கிடையாது.

அடுத்த ஞாயிறு, போத்தனூருக்குப் பக்கத்திலேயே இன்னோர் இடம். தகரக் கூரை போட்ட முன்கட்டு. தோட்டம் என்று சொன்னால் ஒரு முருங்கை மரம். வாசலிலேயே ஒரு நடுவயது அம்மாள் கையைக் குறுக்கே நீட்டினார்.

"மாத்திரை நேரமுங்க. இப்பப் பேச மாட்டேன். அரை மணி உக்காருங்க."

எங்கள் மூவரையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. "என்னங்க அம்மணி, இது ஒரு மருவாதியா? காபி கூட..." அம்மணி என் பேச்சைக் கேட்கவே இல்லை, ஜன்னல் கம்பியைப் பிடித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொருவரையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் அந்த அம்மாள். நோட்டில் ஒட்டியிருந்த போட்டோவோடு முகத்தைச் சரிபார்த்தார். எதிரிலேயே அட்டையிலிருந்து மாத்திரையைப் பிரித்தார். டம்ளர் தண்ணீர். "முழுங்குங்க. எங்க, ஆ காட்டுங்க." முழுங்கியவர் வாயைக் காட்டிய பிறகுதான் பேனாவைத் திறந்தார். அப்புறம் அடுத்த பெயர்.

அரை மணி கழித்து வெளியே வந்தார். அம்மணி கேட்டார், அவர் சொன்னார். இரண்டு தையல்காரர்கள் துணியின் தரம் பேசுகிற மாதிரி இருந்தது.

"வேண்டாம்னு அடம் புடிச்சா?"

"அரை மணி கழிச்சு மறுபடி கேப்போம். அப்பவும் வேண்டாம்னா எழுதி வெச்சு டாக்டருக்குப் போன் போடுவோம். சோத்துல கலந்து ஏமாத்தறதில்லீங்க."

"தூக்க மாத்திரை?"

"டாக்டர் எழுதினாக் குடுப்போம். தொந்தரவு பண்றாங்கன்னு நாங்களாக் குடுக்கமாட்டோம்."

"பிட்ஸ் வந்தா?"

"ஒருக்களிச்சுப் போடுவோம், மணி பாப்போம். சாவி குடுக்கமாட்டோம்." என்னைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார் என்று எனக்குத் தோன்றியது.

"நாங்க எந்நேரம் வரலாம்?"

"எந்நேரமும் வாங்க. மாத்திரை நேரத்துல மட்டும் பெஞ்சுதான்."

அப்புறம் அம்மணி சமையலறைக்குப் போய், சமைக்கிறவரிடம் எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேட்டுவிட்டு வந்தார். ஒன்பது வருடமாம். படுத்திருந்த ஒருவர் முதுகில் புண் இருக்கிறதா என்று, அவரிடமே கேட்டுக்கொண்டு, பார்த்தார். கால் நகங்களைப் பார்த்தார். வெட்டியிருந்தார்கள்.

நான் அண்ணனிடம் கேட்கப் போனேன். "அண்ணா, இந்த எடம் புடிச்சி..."

"கேக்காதீங்ணா!" அம்மணி கையைக் காட்டித் தடுத்தார். "ஆமான்னுதான் சொல்லுவாரு. அவரை இங்க ரெண்டு மணி நேரம் அவரு பாட்டுக்கு விடுங்க. என்ன பண்றாருன்னு பாப்போம்."

முருங்கை மர நிழலில் காத்திருந்தோம். அண்ணன் முதலில் பெஞ்சில் இருந்தார். பிறகு எழுந்து, முன்கட்டைச் சுற்றினார். பின்பக்கம் போனார். வெகு நேரம் ஆளைக் காணோம். நாங்கள் போய்ப் பார்த்தபோது, தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, குழாயில் காதை வைத்துக்கொண்டிருந்தார்.

"காது வெச்சுட்டாருங்க. இருந்துக்குவாரு" என்றார் அம்மணி.

அண்ணனைச் சேர்த்த அன்று நான் அழுதேன், அவர் அழவில்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்த தாளை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அந்த அம்மாள் அதை ஒவ்வொரு வரியாக டாக்டர் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, "யாருங்க இவ்வளவு தெளிவா எழுதினது?" என்று கேட்டார். என் வாழ்நாளில் கிடைத்த விமரிசனங்களில் மிக நல்லது அதுதான்.

முதல் மாதத்தில் அம்மணி எனக்குச் சொல்லாமலே இரண்டு ஞாயிறு அங்கே போய் வந்திருக்கிறார். போனதை என்னிடம் சொன்னது அந்த அம்மாள்தான்: "அன்னைக்கு உங்ககூட வந்தாங்களே, உங்க ஊட்டு ஆளு, அவங்க வந்து ஜன்னல்கிட்டயே நின்னுட்டுப் போனாங்க." எங்கள் வீட்டு ஆள் இல்லை என்று நான் திருத்தவில்லை.

அதற்கடுத்த வருடம் முதலாளி கடையை விற்றார். அம்மணி கணவர் ஊரான ஆனைமலைப் பக்கம் போய்ச் சொந்தமாகக் கடை வைத்துவிட்டார். போகிற அன்று தெருவே திரண்டு வந்து, எல்லாரும் அவரவர் காலி அட்டையைக் காட்டிவிட்டுப் போனதாக எழுதினால் அழகாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சிலருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இனி சாக்கடை வரை போக வேண்டியதில்லையே.

போன மாதம் காலையில் ஏழரைக்கே அண்ணனைப் பார்க்கப் போனேன். சொல்லாமல்தான். வாசலுக்குப் போகும் முன்பே அவர் குரல் கேட்டது: "தண்ணி வருதுங்கோ, தண்ணி வருதுங்கோ." சமையல்காரர் குடங்களோடு ஓடினார். என்னைப் பார்த்ததும் அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கேட்கக் கூடாது என்று தெரியும். ஆனால் பழக்கம் விடவில்லை.

"மாத்திரை போட்டாச்சாண்ணா?"

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் இல்ல தம்பி. எட்டு மணிக்குத்தான்."

என் வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். கேட்டவன் மனம் கோணாது என்று அவருக்கு இப்போது தெரிந்திருக்கிறது. வெளியே வந்து ஆனைமலைக்குப் போன் போட்டேன்.

"அம்மணி, அண்ணன் இல்லைன்னு சொல்லிட்டாருங்க! எட்டு மணிக்குத்தானாமா!"

"நல்லதுங்ணா. எட்டு மணிக்குப் போடறாரான்னு பாத்தீங்களா?"

"இன்னும் மணி ஆகலீங்க."

"அப்ப இருந்து பாத்துட்டுக் கூப்புடுங்க."

இருந்தேன். பெஞ்சில்தான். எட்டு மணிக்குப் பெயர் கூப்பிட்டார்கள். அண்ணன் போனார், வாங்கினார், முழுங்கினார், அந்த அம்மாளிடம் ஆ காட்டினார். அப்புறம் திரும்பி, ஜன்னலுக்கு வெளியே நின்ற எனக்கும் காட்டினார். நாலு பல் இல்லாத, சுத்தமாகக் காலியான வாய்.

மறுபடி போன் போட்டேன். "பாத்துட்டேனுங்க அம்மணி."

"சந்தோசமுங்க. உங்க பிரஷர் மாத்திரை போட்டாச்சுங்களா?"

ஆச்சுங்க என்று நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லீங்க" என்றேன். "ரெண்டு நாளா விட்டுப்போட்டேன்."

அந்தப் பக்கம், இத்தனை வருடத்தில் முதன்முறையாக, அவர் சிரித்தது கேட்டது.

"அட்டையப் போட்டோ எடுத்து அனுப்புங்ணா. வெளிச்சத்துல வெச்சு எடுங்க."